முதலில் வகுப்பறையைப் பாருங்கள்

ஆட்டிசம் (பிறரோடு பழகுவதிலும் புலனுணர்விலும் காணப்படும் வேறுபாடு), ஏடிஹெச்டி (கவனத்தையும் துடிப்பையும் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கல்), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் உள்ள தடை) முதலான நரம்பியல் வேறுபாடுகள் உள்ள குழந்தைகள் மற்றக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் படிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சிறப்புக் கல்வித் துறையைச் சேர்ந்த நம் பத்தியாளர் இவ்விதழில் விடையளிக்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன, எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

என் வகுப்பில் 40 மாணவர்கள். அவர்களில் ஒருவனுக்கு ஏடிஹெச்டி இருப்பதாக மருத்துவர் உறுதிசெய்திருக்கிறார். ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் இருக்கையில் அமர்வதில்லை. சொன்ன வேலையைப் பாதியில் விட்டுவிடுகிறான். ஆனால் படம் வரையத் தொடங்கினால் மணி அடித்தாலும் எழுவதில்லை. அதனால் அவன் வேண்டுமென்றே செய்கிறான் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். ஒருவனுக்காகத் தனியே பாடம் தயாரிக்க எனக்கு நேரமும் இல்லை. என்ன செய்வது?
— தொடக்கப்பள்ளி ஆசிரியை

படம் வரைவதில் மூழ்கிவிடுகிறான் என்பதை அவனுக்கு எதிரான சாட்சியமாக உங்கள் சக ஆசிரியர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஏடிஹெச்டியின் இயல்புகளில் ஒன்று. இந்தக் குழந்தைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. தேவையான இடத்தில் அதை நிறுத்துவதற்கும், போதும் என்ற இடத்திலிருந்து அதை விலக்குவதற்கும் வேண்டிய கட்டுப்பாடுதான் சீராக அமையவில்லை. மணி அடித்தும் எழாததும் கணக்குப் பாடத்தில் நிலைகொள்ளாததும் ஒரே சிக்கலின் இரண்டு பக்கங்கள். வெறும் சேட்டையை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு, அறிகுறிகள் 6 மாதங்களேனும் நீடிக்க வேண்டும், அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு சூழல்களிலேனும் காணப்பட வேண்டும் என்று நிபந்தனை வைத்திருக்கிறது.

சொன்ன வேலையைப் பாதியில் விடுவதற்கு நீங்கள் வேலையைச் சொல்லும் முறையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். "நோட்டை எடுத்துத் தேதி போட்டு, பலகையில் இருக்கும் மூன்று கணக்குகளையும் எழுதி, முடித்தவர்கள் புத்தகத்தில் அடுத்த பயிற்சியைப் பாருங்கள்" என்று ஒரே மூச்சில் சொன்னால், அதில் நான்கு கட்டளைகள் இருக்கின்றன. கேட்டதை மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டே வேலையைச் செய்யும் நினைவாற்றல் இக்குழந்தைகள் பலருக்குக் குறைவு. இரண்டாவது கட்டளையிலேயே அவன் தொலைந்துபோகிறான். அதே நான்கையும் பலகையின் ஓரத்தில் எண்ணிட்டு எழுதிவையுங்கள். முடித்த படியை அவனே வந்து அடித்துவிட்டுப் போகலாம். இது ஒருவனுக்கான தனிப் பாடத் தயாரிப்பு அன்று. நேற்று பள்ளிக்கு வராத மாணவிக்கும், காய்ச்சலோடு உட்கார்ந்திருப்பவனுக்கும், வெட்கத்தால் சந்தேகம் கேட்காதவளுக்கும் அந்த நான்கு வரிகள் உதவும். தடுமாறும் ஒருவருக்கென்று பிறகு ஒட்டுப்போடுவதை விட, தொடக்கத்திலேயே பாடத்தைப் பல வழிகளில் வழங்குவதும், கற்றதை வெளிப்படுத்தப் பல வழிகளைத் திறந்துவைப்பதும் நல்லது என்ற அணுகுமுறையைத்தான் கல்வியாளர்கள் 'கற்றலுக்கான பொது வடிவமைப்பு' என்கிறார்கள்.

அசைவைத் தடை செய்யாமல் அதற்கு ஒரு வேலை கொடுங்கள். நோட்டுகளைப் பகிர்ந்தளிப்பது, பலகையைத் துடைப்பது, பின்வரிசையில் உயரமான மேசையருகே நின்றபடி எழுதுவது ஆகியவை வகுப்பைக் குலைக்காத அசைவுகள். கையும் காலும் அசையாமல் இருப்பதிலேயே அவன் முழு முயற்சியையும் செலவிட்டால், பாடத்துக்கென்று மிச்சம் இருப்பது குறைவு. அவன் தடம் மாறும்போது பெயரைச் சொல்லி அழைக்காமல், மேசை ஓரத்தில் விரலால் இருமுறை தட்டுவது போன்ற ஒரு சைகையை இருவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு நாளில் பலமுறை எல்லார் முன்னிலையிலும் தன் பெயர் கண்டிப்போடு அழைக்கப்படுவதைக் கேட்டு வளரும் குழந்தை தன்னைப் பற்றி என்ன முடிவுக்கு வரும் என்பதை நாம் யோசிப்பதில்லை.

இரண்டு பழக்கங்களை மட்டும் நான் வன்மையாக மறுக்கிறேன். ஒன்று, வேலையை முடிக்காததற்குத் தண்டனையாக விளையாட்டு வேளையைப் பறிப்பது; ஓடியாடுவது மிகவும் தேவைப்படும் குழந்தையிடமிருந்து அதையே பறித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் அவன் அமைதியாக இருப்பான் என்று எதிர்பார்ப்பதில் தர்க்கம் ஏதும் இல்லை. மற்றொன்று, மாதக் கடைசியில் பரிசு என்று நட்சத்திரம் ஒட்டும் அட்டவணை. தள்ளிப்போகும் பரிசு இவர்களை ஈர்ப்பதில்லை. "முதல் கணக்கை முடித்துவிட்டாய், நன்று" என்று அந்த நிமிடத்திலேயே சொல்லும் சொல் அதைவிட வலியது. மருந்து வேண்டுமா என்பது மருத்துவரும் பெற்றோரும் முடிவு செய்ய வேண்டியது. ஆசிரியர் அதைப் பரிந்துரைக்கவும் கூடாது, பழிக்கவும் கூடாது.

எட்டு வயதாகும் என் மகளுக்கு ஆட்டிசம் உண்டு. "அமைதியான பிள்ளை, எந்தத் தொல்லையும் இல்லை" என்கிறார்கள் பள்ளியில். வீட்டுக்குள் நுழைந்ததும் பையை வீசிவிட்டு நெடுநேரம் அழுகிறாள். வீட்டில் கொடுக்கும் செல்லம்தான் காரணம் என்கிறார் வகுப்பாசிரியை. யார் சொல்வது சரி?
— ஒரு தாய்

நீங்கள் இருவரும் கண்டதையே சொல்கிறீர்கள். ஆசிரியை அதற்குக் கற்பிக்கும் காரணம்தான் தவறு. ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர், குறிப்பாகப் பெண் குழந்தைகள், பள்ளியில் தம் இயல்பை மறைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். மற்றவர்கள் சிரிக்கும்போது காரணம் விளங்காமலேயே சேர்ந்து சிரிப்பது, கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னதற்காகச் சிரமப்பட்டுப் பார்ப்பது, கையை உதறத் தோன்றும்போதெல்லாம் அடக்கிக்கொள்வது என்று நாள் முழுவதும் உள்ளுக்குள் ஓர் உழைப்பு நடந்துகொண்டிருக்கிறது. தொடர்ந்து இவ்வாறு மறைத்து வாழ்வதற்கும் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடக்கிவைத்ததை இறக்கிவைக்க அவளுக்குப் பாதுகாப்பாகத் தெரியும் இடம் உங்கள் வீடு. அவள் உங்களிடம் வந்து அழுவது உங்கள் வளர்ப்புக்கு எதிரான சான்று அன்று.

அமைதியான சிறுமிகள் கவனத்துக்குத் தப்பிவிடுவதற்கு ஒரு வரலாறும் உண்டு. மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி 1943இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இடம்பெற்ற 11 குழந்தைகளில் 8 பேர் சிறுவர்கள். அடுத்த ஆண்டு ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் விரிவாக எழுதியது நான்கு சிறுவர்களைப் பற்றி. ஆட்டிசம் என்றதும் மருத்துவர்கள் மனத்திலும் ஆசிரியர்கள் மனத்திலும் எழும் உருவம் நெடுங்காலம் ஒரு சிறுவனுடையதாகவே இருந்ததில் வியப்பில்லை.

ஆசிரியையிடம் பேசும்போது "வீட்டில் அழுகிறாள்" என்பதோடு நிறுத்தினால் பேச்சு மீண்டும் செல்லத்திலேயே போய் முடியும். இரண்டு வாரங்களுக்கு ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள்: அழுகை அதிகமான நாள்களில் பள்ளியில் என்ன நடந்தது, கால அட்டவணை மாறியதா, வேறு ஆசிரியர் வந்தாரா, குழுவாக வேலை செய்யச் சொன்னார்களா, விழா ஒத்திகை இருந்ததா. அதைக் கொண்டுபோய்க் குறிப்பான கோரிக்கைகளை முன்வையுங்கள். இடைவேளையில் அவள் விரும்பினால் நூலகத்தில் இருக்கலாம், மாற்றங்களைக் காலையிலேயே அவளிடம் சொல்லிவிட வேண்டும், எல்லார் முன்பும் நின்று பேசுவதற்குப் பதிலாக எழுதிக் கொடுக்கலாம், பேசும்போது கண்ணைப் பார்க்கும்படி வற்புறுத்தக் கூடாது. இவற்றில் எதற்கும் பள்ளிக்குச் செலவில்லை. வீட்டில், பள்ளி விட்டு வந்த முதல் அரைமணி நேரத்துக்கு "இன்று என்ன நடந்தது?" என்ற கேள்வியையும் ஒத்திவையுங்கள். அன்பால் கேட்கிறோம் என்றாலும் அதுவும் அவளுக்கு இன்னொரு தேர்வுதான்.

என் மகனின் வகுப்பில் ஒரு மாணவிக்கு மட்டும் தேர்வில் கூடுதல் நேரம் தருகிறார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இது அநீதி ஆகாதா?
— ஒரு தந்தை

அந்தத் தேர்வு எதை அளக்கிறது என்று முதலில் கேளுங்கள். வரலாற்றுத் தேர்வு வரலாற்று அறிவை அளக்க வந்தது. வேகமாக எழுதும் திறனை அளக்க வரவில்லை. எழுதுவதில் மட்டும் தடை உள்ள மாணவிக்கு நேரத்தைச் சுருக்கினால், அவளுடைய மதிப்பெண் வரலாற்றைப் பற்றி எதையும் சொல்லாது. தட்டச்சுத் தேர்வு போல, வேகமே அளக்கப்படும் இடத்தில் உங்கள் கேள்வி நியாயமானது. அங்கே கூடுதல் நேரம் பொருந்தாது. உண்மையில் பெரும்பாலான பாடங்களில் எல்லா மாணவருக்குமே நேரத்தைத் தளர்த்திவிட்டால் இந்தச் சச்சரவே எழாது என்பது என் எண்ணம். வினாத்தாள் அமைப்பவர்கள் வேகத்தையும் அறிவையும் ஒன்றாகக் கருதும் பழக்கத்தை ஏன் விடமறுக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

பன்னிரண்டு வயது மாணவன். அறிவியலில் வாய்மொழியாகக் கேட்டால் முதல் ஆளாகப் பதில் சொல்கிறான். ஆனால் ஒரு பத்தியைப் படிக்க வகுப்பு முடியும் வரை ஆகிறது. பார்வையில் கோளாறு இல்லை என்கிறார் கண் மருத்துவர். நிறக் கண்ணாடி அணிந்தால் சரியாகிவிடும் என்று ஒரு விளம்பரத்தைப் பெற்றோர் காட்டுகிறார்கள். வாங்கச் சொல்லலாமா?
— நடுநிலைப்பள்ளி ஆசிரியர்

வேண்டாம். பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கூர்மையான அறிவுடைய அச்சிறுவனால் வாசிக்க மட்டும் முடியவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே அவன்தான் முதன்மையான மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் எழுதியிருப்பதும் ஏறத்தாழ அதே விவரணைதான்.

அந்நாளில் இதைச் 'சொற்குருடு' என்று அழைத்ததால், கோளாறு கண்ணில் இருக்கிறது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. டிஸ்லெக்சியாவில் பெரும்பாலும் தடை இருப்பது, சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து உணர்வதிலும் அவ்வொலிகளை எழுத்துகளோடு விரைந்து இணைப்பதிலும்தான். நிறக் கண்ணாடிகளும் கண் பயிற்சிகளும் வாசிப்புக் குறைபாட்டைப் போக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் கூட்டாகவே அறிவித்திருக்கின்றன. "இவன் காதால் கற்பவன்" என்று சிலர் முத்திரை குத்துவார்கள். ஒவ்வொருவரையும் ஒரு கற்றல் பாணியில் அடைத்து அதற்கேற்பக் கற்பித்தால் பயன் கூடும் என்ற கோட்பாட்டையும் ஆதாரங்கள் தாங்கவில்லை.

பயன் தருவதாக மீண்டும் மீண்டும் நிறுவப்பட்டிருப்பது, ஒலிக்கும் எழுத்துக்கும் உள்ள உறவை வெளிப்படையாக, சிறு சிறு படிகளாக, முன்பு கற்றதன் மேல் புதியதை அடுக்கி, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்பிப்பது. தமிழில் இதற்கென்றே சில இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்கு முன்னே நிற்கிறது. ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் குறி இருபுறமும் பிரிந்து நிற்கும். இடமிருந்து வலமாக ஒலிகளைக் கோத்துப் பழகும் குழந்தைக்கு இது இரட்டைச் சுமை. இந்த வரிசைகளைத் தனியே எடுத்துப் பயிற்சி தர வேண்டும். ல, ள, ழ எழுத்துகளில் வரும் பிழைகளை அவ்வளவு பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அவற்றில் டிஸ்லெக்சியா இல்லாதவர்களும்தான் தடுமாறுகிறார்கள். மேலும், எழுத்துக்கும் ஒலிக்கும் ஓரளவு சீரான உறவுள்ள மொழிகளில் இக்குறைபாடு தவறான வாசிப்பாக வெளிப்படுவதைக் காட்டிலும் மிக மெதுவான வாசிப்பாகவே வெளிப்படும். அதனால் "பிழையின்றித்தானே படிக்கிறான், சோம்பல்தான்" என்று பல குழந்தைகள் கைவிடப்படுகிறார்கள்.

பன்னிரண்டு வயதில் இரண்டு தடங்களை ஒருசேர நடத்துங்கள். ஒரு தடம் வாசிப்புப் பயிற்சி. மற்றொன்று, வாசிப்பு தேறும் வரை அறிவியல் காத்திருக்கக் கூடாது என்பது: பாடத்தைப் படித்துக்காட்டிப் பதிவு செய்து கொடுங்கள், கைப்பேசியின் உரக்க வாசிக்கும் வசதியைப் பயன்படுத்தவிடுங்கள், விடைகளில் ஒரு பகுதியை வாய்மொழியாகப் பெற்றுக்கொள்ளுங்கள், கருத்துக்கான மதிப்பெண்ணில் எழுத்துப்பிழையைக் கலக்காதீர்கள். முன்னறிவிப்பின்றி எழுந்து உரக்கப் படிக்கச் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். முறையான மதிப்பீட்டுக்குப் பெற்றோரை ஒரு சிறப்புக் கல்வியாளரிடமோ உளவியலாளரிடமோ அனுப்பிவையுங்கள். கண்ணாடிக்கு வைத்திருந்த பணம் அதற்குப் பயன்படட்டும்.

பாடத்தின்போது ஒரு சிறுமி விரல்களை ஓயாமல் அசைக்கிறாள். தடுக்க வேண்டுமா?
— பயிற்சி ஆசிரியை

அவளுக்கோ மற்றவருக்கோ காயம் ஏற்படுத்தாத வரை தடுக்கத் தேவையில்லை. அது அவள் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளும் வழி. வேறு மாணவர்கள் கேலி செய்தால் திருத்தப்பட வேண்டியது கேலி.

பேச்சு வராத மாணவன் படங்களைத் தொட்டுத் தெரிவிக்கும் ஒரு கையடக்கக் கணினியோடு வகுப்புக்கு வருகிறான். அதற்குப் பழகிவிட்டால் பேச்சு வரவே வராது என்று சிலர் எச்சரிக்கிறார்கள்.
— ஓர் ஆசிரியர்

இந்த அச்சம் பரவலானது. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. மாற்றுத் தொடர்பு முறைகளைப் பயன்படுத்திய குழந்தைகளின் பேச்சு அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. பலரிடம் சிறிதளவேனும் கூடியதாகவே ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அந்தக் கருவி அவனுடைய குரல். ஆகவே குறும்பு செய்தான் என்று அதைப் பிடுங்கி வைப்பதும், "பாட வேளையில் மட்டும்" என்று அலமாரியில் பூட்டுவதும் கூடாது. அதில் 'வேண்டும்', 'தண்ணீர்' போன்ற தேவைகள் மட்டும் இருந்தால் போதாது. 'பிடிக்கவில்லை', 'புரியவில்லை', 'நிறுத்துங்கள்', 'என் முறை' ஆகியவையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கேள்வி கேட்டபின் அவன் விடையைத் தேடித் தொடும் வரை காத்திருங்கள். வகுப்பின் அந்த மௌனத்தைத் தாங்கிக்கொள்ளப் பழக வேண்டியவர் பெரும்பாலும் ஆசிரியரே. நீங்களும் பேசும்போது அதே படங்களைத் தொட்டுக்காட்டினால் அவன் விரைவில் கற்பான்.

ஆட்டிசம் உள்ள மாணவன் திடீரென்று அலறித் தரையில் விழுந்துவிடுகிறான். அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்?
— வகுப்பாசிரியர்

அந்த நேரத்தில் செய்யக்கூடியது குறைவு, செய்யக் கூடாததுதான் அதிகம். மெல்ட்டவுன் எனப்படும் அந்த நிலையில் குழந்தை பிடிவாதத்தால் எதையும் கேட்டு அழவில்லை. தாங்கக்கூடிய எல்லையைக் கடந்துவிட்டது. அப்போது காரணம் கேட்பதும், அறிவுரை சொல்வதும், தண்டனையை நினைவூட்டுவதும் மேலும் சுமையையே ஏற்றும். குரலைத் தாழ்த்துங்கள், ஒன்றிரண்டு சொற்களுக்கு மேல் பேசாதீர்கள். விளக்கை அணைக்க முடிந்தால் அணையுங்கள். இடித்துக்கொள்ளக்கூடிய பொருள்களை அகற்றுங்கள். அவனைத் தூக்கி வெளியேற்றுவதை விட, மற்ற மாணவர்களை வேறோர் ஆசிரியரோடு சற்று வெளியே அனுப்புவது எளிது, மரியாதையானதும்கூட. தொடுவது சிலருக்கு ஆறுதல், சிலருக்கு வேதனை. அது எது என்பதை அமைதியான நாளொன்றில் பெற்றோரிடமும் அவனிடமும் கேட்டு வைத்திருக்க வேண்டும். அடங்கிய பிறகும் உடனே பாடத்துக்கு இழுக்காதீர்கள், மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள்.

'திடீரென்று' என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது திடீரென்று நிகழ்வதில்லை. முந்தைய ஒரு மணி நேரத்தை எழுதிப் பாருங்கள்: ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியின் கிறீச்சொலி, நாற்காலிகள் தரையில் இழுபட்ட சத்தம், மணியோசை, இடம் மாற்றி உட்காரச் சொன்னது, பசி. ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றை மிகுதியாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்பதை நான் முன்பு குறிப்பிட்ட மருத்துவக் கையேடும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்துக்கொண்டது. காதைப் பொத்துவது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, முகம் சிவப்பது போன்ற முன்னடையாளங்கள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே உண்டு. அவற்றைக் கண்டவுடன் ஓர் அட்டையைக் காட்டிவிட்டு அமைதியான அறைக்குப் போய்வர அவனுக்கு உரிமை கொடுங்கள். அந்த அறையைத் தண்டனைக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

எங்கள் பள்ளியில் இத்தகைய மாணவர்கள் ஐவரைச் சேர்த்திருக்கிறோம். ஆனால் அவர்கள் ஓரத்தில் ஓர் உதவியாளரோடு வேறு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். சிறப்புப் பள்ளியே அவர்களுக்கு நல்லது என்கிறது நிர்வாகத்தில் ஒரு தரப்பு. நரம்பியல் பன்முகத்தன்மை என்று சொல்லிச் சிகிச்சையே வேண்டாம் என்கிறது இன்னொரு தரப்பு.
— ஒரு தலைமையாசிரியர்

1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்பெயினின் சலமன்காவில் கூடிய 92 நாட்டு அரசுகளும் 25 பன்னாட்டு அமைப்புகளும், எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளிகள் இடமளிக்க வேண்டும் என்று அறிவித்தன. 2006இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு அதை உரிமையாகவே ஆக்கியது. அப்பிரிவுக்கு 2016இல் வெளியான விளக்கவுரை நான்கு நிலைகளைப் பிரித்துக் காட்டுகிறது: வெளியே நிறுத்துவது, தனிப் பள்ளியில் பிரித்து வைப்பது, பள்ளியை மாற்றாமல் குழந்தையை மட்டும் உள்ளே கொண்டுவருவது, குழந்தைக்கேற்பப் பள்ளி தன்னை மாற்றிக்கொள்வது. கடைசியாகச் சொன்னதுதான் உள்ளடக்கிய கல்வி. உங்கள் பள்ளி இப்போது மூன்றாவது நிலையில் நிற்கிறது. இந்நிலையில் சலித்துப்போய்ச் சிறப்புப் பள்ளியைத் தேடும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆதரவு ஏதுமின்றிச் சேர்த்துக்கொள்வதும் ஒருவகைப் புறக்கணிப்புதான்.

உதவியாளரை அந்த ஐவரிடமிருந்து சற்றே நகர்த்துவதில் தொடங்குங்கள். பெரியவர் ஒருவர் எப்போதும் அருகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் சக மாணவர்கள் நெருங்குவதில்லை. ஆசிரியரும் "அவர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறார். உதவியாளர் வகுப்பு முழுவதற்கும் உதவட்டும். பாட ஆசிரியர் அந்த ஐவருக்கும் நேரடியாகக் கற்பிக்கட்டும். அதே பாடத்தை, தேவைக்கேற்பக் குறைந்த அளவிலோ வேறு வடிவிலோ அவர்களும் செய்யட்டும். சிறப்பாசிரியரும் பாட ஆசிரியரும் சேர்ந்து திட்டமிட வாரத்தில் ஒரு பாடவேளையைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குங்கள். "நேரம் கிடைக்கும்போது பேசிக்கொள்ளுங்கள்" என்றால் பேச்சு நடக்காது.

இரண்டாம் தரப்புக்கு ஒரு சொல். மனித மூளைகள் பலவிதமாக அமைந்திருப்பது இயல்பு, அதை நோயாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதே 1990களில் ஆட்டிசம் உள்ளவர்கள் தாமே முன்னெடுத்த நரம்பியல் பன்முகத்தன்மை இயக்கத்தின் வாதம். ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் 2012இல் அதற்கு இன்னொரு கூர்மையைச் சேர்த்தார்: புரிந்துகொள்ளாமை ஒருவழிப்பட்டதன்று, அவர்கள் நம்மைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவது போலவே நாமும் அவர்களைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறோம். பேச்சுப் பயிற்சியோ வாசிப்புப் பயிற்சியோ வலிப்புக்கு மருந்தோ வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. குழந்தையின் வேதனையைக் குறைத்து, அவன் விரும்புவதைச் செய்ய வலுக்கொடுக்கும் பயிற்சி வேண்டியதே. மற்றவரைப் போலத் தோன்றவைப்பதை மட்டுமே குறிக்கோளாகக் கொண்ட பயிற்சியைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

எனக்கு வயது 16. ஏடிஹெச்டி இருப்பதாகச் சென்ற ஆண்டு தெரியவந்தது. வகுப்பில் எல்லாரிடமும் சொல்லலாமா?
— ஒரு மாணவி

அது உன்னைப் பற்றிய செய்தி. யாரிடம், எவ்வளவு, எப்போது என்பதை நீயே முடிவு செய்யலாம். ஆனால் தேர்வுச் சலுகைகள் வேண்டுமென்றால் பள்ளிக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்கு வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் அறிந்தால் போதும். அவர்களிடம் நோயின் பெயரோடு மட்டும் போகாமல், உனக்கு எது கடினம், எது உதவும் என்று நான்கைந்து வரிகள் எழுதிக்கொண்டு போ: "நீண்ட கட்டுரையின் கெடுவைப் பிரித்துக் கொடுத்தால் முடித்துவிடுவேன்", "சன்னலோரம் உட்கார்ந்தால் கவனம் சிதறுகிறது" என்பது போல. மற்ற ஆசிரியர்களிடம் யார் சொல்வது, மாணவர்களிடம் யாரும் சொல்லக் கூடாது என்பதையும் அந்தச் சந்திப்பிலேயே தெளிவாகப் பேசிவிடு. தோழிகளில் ஒருத்தியிடம் சொல்லத் தோன்றினால், வகுப்பில் இல்லாத வேளையில், பிறர் சொன்ன இரகசியங்களை உன்னிடம் கொண்டுவராத ஒருத்தியாகப் பார்த்துச் சொல்.